புட்குழி முதல் கடல் வரை

நுழையும்முன்

வழி சொல்லுதல் தமிழருக்குப் பழகிய கலை. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்வரும் கலைஞருக்கு நிலமும் நீரும் ஊரும் உணவும் சொல்லி வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பதினோராம் வகுப்பில் சேரும் மாணவர் பலருக்கு இன்று சொந்தமாக ஒரு மிதிவண்டி கிடைக்கிறது. அது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும் ஓடவேண்டுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஏரிக்கரை, காடு, குன்று, கடற்கரை ஆகியவற்றின் வழியே செல்லும் ஒரு மிதிவண்டி வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றுப்படையின் நிலம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. அதனை இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். உப்பு வணிகரின் எருதுபூட்டிய வண்டிகள், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள், சுங்கம் கொள்ளும் பெருவழிகள், எயினர் குடில்கள், ஆயர் பாடிகள், உழவர் ஊர்கள், கலங்கரை விளக்கம் கொண்ட கடற்பட்டினம் என நிலம் மாற மாற வாழ்க்கையும் மாறுவதை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. வழியைத் தொலைவால் மட்டும் அளக்காமல் அவ்வழியில் வாழ்வோரைக் கொண்டும் அளந்தனர் நம் முன்னோர்.

அதே தொண்டை நாட்டில், காஞ்சிபுரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்துள்ளது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. புள், குழி ஆகிய இரு சொற்கள் புணரும்போது ளகரம் டகரமாகத் திரிந்து புட்குழி ஆயிற்று. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடம் இதுவென்பது ஊரின் நம்பிக்கை. இங்குள்ள விசயராகவப் பெருமாள் கோயில் வைணவத் திருப்பதிகள் 108-இல் ஒன்று. இராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பயின்றது இவ்வூரில் என்று வைணவ மரபு கூறுகிறது.

பறவையின் பெயரால் அமைந்த இவ்வூரிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பறவைகளுக்கு அடைக்கலம் தந்த வேடந்தாங்கலையும், கழுகின் பெயர் தாங்கிய திருக்கழுக்குன்றத்தையும் கடந்து மாமல்லபுரத்துக் கடற்கரையை அடையலாம். ஊர்ச்சாலைகளைப் பின்பற்றிச் சுற்றிச் செல்லும்போது இதன் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் பதினொரு மணிநேரம் பிடிக்கும். அதனை மூன்று நாள்களுக்குப் பகிர்ந்துகொள்வதே முறை. இஃது எவரும் வகுத்துப் பலகை நட்ட வழியன்று. ஏற்கெனவே உள்ள சாலைகளையும் வண்டிப்பாதைகளையும் வரைபடத்தில் இணைத்துக் காணும் வழியாகும்.

மலைமிதிவண்டி தோன்றிய கதை

கரடுமுரடான நிலத்தில் செல்வதற்கென வடிவமைக்கப்பட்டது மலைமிதிவண்டி. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பயஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் சிலர் தடித்த டயர்கள் கொண்ட பழைய மிதிவண்டிகளைப் பழுதுபார்த்து மலைப்பாதைகளில் இறங்கி ஓட்டினர். 1976-இல் அங்கு ஒரு சரிவில் போட்டிகள் தொடங்கின. அச்சரிவில் இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் உள்ளே இட்ட மசகு சூடேறி ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிய மசகை நிரப்பவேண்டியிருந்தது. அதனால் அச்சரிவுக்கு ‘மீண்டும் நிரப்பு’ எனப் பொருள்படும் ரீபேக் என்ற பெயரே நிலைத்தது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்திற்கென்றே தனிச் சட்டகம் ஒன்றை உருவாக்கினார். இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டி ஓட்டம் ஒரு போட்டியாக இடம்பெற்றது.

பழைய வண்டிகளைக் கொண்டு சாதாரண இளைஞர்கள் தொடங்கிய முயற்சி இது என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். விலையுயர்ந்த வண்டி பின்னர் வந்தது. நிலத்தை அறியும் ஆவலே முதலில் வந்தது.

சக்கரமும் மண்ணும்

மலைமிதிவண்டிக்கும் நாம் பள்ளிக்கு ஓட்டிச்செல்லும் மிதிவண்டிக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? முதலாவது டயர். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். டயரில் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகிராம் அளவில் இருந்தால், இரு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 17 சதுர சென்டிமீட்டர் ஆகும். அழுத்தத்தை 2 கிலோகிராமாகக் குறைத்தால் அப்பரப்பு 35 சதுர சென்டிமீட்டராகப் பெருகும். எடை பரவலாக இறங்குவதால் சக்கரம் மணலில் புதைவதில்லை, கல்லிலும் பற்றிக்கொள்கிறது. மெல்லிய டயரில் இவ்வாறு காற்றைக் குறைத்தால் கல் இடித்து உள்டியூப் கிழிந்துவிடும். தடித்த டயரில் அதற்கு இடமுண்டு. பாலாற்று மணலுக்கும் கடற்கரை மண்ணுக்கும் தடித்த டயர் ஏற்றது என்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது பற்சக்கரங்கள். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட சாதாரண மிதிவண்டியில், 66 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். மலைமிதிவண்டியில் முன்னே 22, பின்னே 32 எனப் பற்களை மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர் மட்டுமே நகரும். வேகம் குறையும், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விசையில் மேட்டில் ஏறலாம். மூன்றாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவைக்குள் அமைந்த சுருள்வில். அது குழியின் அதிர்ச்சி கைகளுக்கு வராமல் காக்கிறது.

இவ்வசதிகள் இல்லாத வண்டியும் இவ்வழியில் செல்லக்கூடும். தொண்டை நாட்டின் இப்பகுதி பெரும்பாலும் சமவெளி. மேட்டில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கில்லை. ஆனால் பிரேக் இரண்டும் நன்கு பிடிக்கவேண்டும். சங்கிலி தளர்ந்திருத்தல் கூடாது. பஞ்சர் ஒட்டும் பொருள்களும் காற்றடிக்கும் குழாயும் கையிலிருக்கவேண்டும். ஏரிக்கரைகளில் மண்டியுள்ள சீமைக் கருவேலத்தின் முள் எந்த டயரையும் துளைக்கவல்லது.

ஆறு கூடும் இடம்

திருப்புட்குழியிலிருந்து புறப்படுவோர் முதலில் எதிர்கொள்வது சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 48. இவ்வழி முழுவதிலும் மிகுந்த ஆபத்து நிறைந்த இடம் காடோ மலையோ அன்று, இந்நெடுஞ்சாலையே. விரைந்து வரும் சரக்குந்துகளின் ஓட்டுநர்கள் மிதிவண்டியைத் தொலைவில் கண்டுகொள்வது அரிது. எனவே நெடுஞ்சாலையின் மீது ஓட்டாமல், அணுகுசாலைகளிலும் ஊர்ச்சாலைகளிலும் சென்று, கீழ்ப்பாலம் உள்ள இடத்தில் கடப்பதே அறிவுடைமை. சற்றுச் சுற்று என்றாலும் அதுவே வழி.

நெசவின் ஓசை கேட்கும் காஞ்சிபுரத்தைக் கடந்து வாலாசாபாத் வழியே சென்றால், பாலாற்றின் வடகரையில் குன்றை ஒட்டிப் பழையசீவரம் அமைந்துள்ளது. எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் ஆதலின் அப்பெயர் பெற்றது. கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தருகிறது. மேலே நீர் தெரியாவிடினும் மணலின் அடியில் ஊறும் நீரைக் கொண்டே கரையூர்கள் வாழ்கின்றன. மணலைத் தோண்டி எடுத்தால் அந்நீர்த்தேக்கமே அழியும் என்பதைப் பாலத்தின் மீது நின்று ஆற்றை நோக்குவோர் உணர்வர்.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் மருத்துவமனையையும் பற்றிக் கூறுகிறது. மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன; மருத்துவரும் அறுவை மருத்துவம் செய்பவரும் நோயாளரைப் பேணுவோரும் பணியாற்றினர்; இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மகிழுந்தில் விரைவோர் கடந்துபோகும் ஊர்களில் மிதிவண்டியில் செல்வோர் நிற்பர். நின்றவர்க்கே இத்தகைய செய்திகள் புலப்படும்.

தெரிந்து தெளிவோம்

உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விரித்துரைக்கின்றன. சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என உறுப்பினர் எண்ணிக்கை வகுக்கப்பட்டிருந்தது. ஏரியைக் காப்பதற்கென்றே தனி வாரியம் அமைத்த ஊர் இது.

ஏரிக்கரையும் அதன் அறமும்

உத்திரமேரூர், சாலவாக்கம் பகுதிகளில் வழி ஏரிகளின் இடையே செல்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களை ஏரி மாவட்டங்கள் என்றே அழைப்பதுண்டு. மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழிந்த நீர் தாழ்விலுள்ள ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்த ஏரிக்கு. இச்சங்கிலித் தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் கரை, மதகு, கலங்கல், வாய்க்கால் என்னும் உறுப்புகள் உள்ளன. கரையின் மேற்பரப்பு அகலமாகவும் மேடாகவும் இருத்தலின் அது மிதிவண்டிக்கு இயல்பான வழியாக அமைகிறது. ஒருபுறம் நீர்ப்பரப்பு, மறுபுறம் நெல்வயல். கரையில் வரிசையாகப் பனைகள். மருதத்தின் முழு வடிவத்தையும் அங்குக் காணலாம்.

ஆயினும் ஏரிக்கரை மண்ணால் ஆனது. மழை பெய்து ஈரம் உலராத நாளில் அதன்மேல் வண்டி ஓட்டினால் சக்கரம் பள்ளத்தடம் பதிக்கும். அடுத்த மழையில் நீர் அத்தடத்தின் வழியே ஓடி அதனை ஆழப்படுத்தும். தடம் ஓடையாகும், ஓடை உடைப்பாகவும் வளரக்கூடும். கரை உடைந்தால் அவ்வூரின் விளைச்சலும் குடிநீரும் ஒருங்கே அழியும். ஆகவே ஈரக்கரையில் ஓட்டாமை, மதகின் மேலும் கலங்கலின் மேலும் ஏறாமை, எதிரே ஆடுமாடு வந்தால் இறங்கி ஒதுங்குதல் ஆகியவை இவ்வழியின் முதல் விதிகள். அறுவடைக் காலத்தில் களமாகப் பயன்படும் இடங்களைத் தவிர்த்தலும் அவ்விதிகளுள் அடங்கும்.

இவ்விதிகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவையல்ல. இங்கிலாந்திலும் வேல்சிலும் குதிரைகள் செல்லும் பழைய நாட்டுப்புறப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வழங்கியது. அவ்வுரிமையோடு ஒரு கடமையையும் அது சேர்த்தது: நடந்து செல்வோருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மிதிவண்டி ஓட்டுநர் வழிவிடவேண்டும். விரைவில் மிக்கவர் விரைவில் குறைந்தவருக்கு ஒதுங்குவதே பாதையின் அறம்.

பறவைகளுக்கு அடைக்கலம்

சாலவாக்கத்தைக் கடந்து தென்கிழக்கே சென்றால் கரிக்கிலி, வேடந்தாங்கல் ஆகிய இரு பறவைப் புகலிடங்களை அடையலாம். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. அச்சிறிய ஏரியில் நீருள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடமைக்கின்றன. நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், கூழைக்கடா முதலியவற்றை நவம்பர் முதல் மார்ச்சு வரை காணலாம். கரிக்கிலியில் வாத்தினங்கள் மிகுதி. இவ்விரு புகலிடங்களும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இப்பெருமைக்கு அடித்தளமிட்டவர்கள் சிற்றூர் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இங்குப் பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். ஊரார் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு வழங்கி அவர் ஆணை பிறப்பித்தார். ஊராரின் முறையீட்டிற்கு இரக்கத்தோடு பட்டறிவும் காரணமாகும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலில் விளைச்சல் பெருகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவை உரம் தந்தது. ஊர் அடைக்கலம் தந்தது. பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் திருவிழா நாள்களிலும் வெடி வெடிக்காத ஊர்கள் இப்பகுதியில் உள்ளன.

இங்கு மிதிவண்டியின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. அதற்கு இரைச்சல் இல்லை, புகை இல்லை. எனினும் புகலிடத்தின் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, நுழைவுச்சீட்டுப் பெற்று நடந்தே செல்லவேண்டும். கூட்டில் அமர்ந்த பறவை அஞ்சி எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும் என்பதை மறத்தலாகாது.

குன்றும் காடும்

வேடந்தாங்கலிலிருந்து படாளம் வழியாகப் பாலாற்றைக் கடந்து செங்கல்பட்டை அடைந்தால் நிலத்தின் முகம் மாறுகிறது. வயல்கள் குறைந்து, பாறைக் குன்றுகளும் அவற்றைச் சூழ்ந்த புதர்க்காடுகளும் தோன்றுகின்றன. காரை, களா, சூரை, வெப்பாலை, ஆவாரை முதலியன இங்கு இயல்பாக வளர்வன. மாவட்டத்தின் கரையோரப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத வறண்ட நிலக்காடுகளின் எச்சங்களும் உண்டு. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய அரிய காட்டுவகை அது. அவ்வெச்சங்களில் பல, கோயில்காடுகளாகப் போற்றப்பட்டமையால் தப்பிப் பிழைத்தவை.

காட்டின் தோற்றம் மலைமிதிவண்டி ஓட்டுவோரை உள்ளே அழைக்கும். ஆனால் காப்புக்காட்டினுள் இசைவின்றி நுழைவது சட்டப்படி குற்றமாகும். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வனத்துறையின் இசைவு பெற்ற பாதையில் மட்டும் செல்லுதல், கோடையில் தீ மூட்டாமை, புதிய தடம் உண்டாக்காமை ஆகியவை கட்டாயம். புதரின் குறுக்கே ஒருவர் உண்டாக்கும் குறுக்குவழியைப் பத்துப்பேர் பின்பற்றுவர். பின்னர் அவ்விடத்தில் புல்லும் முளைப்பதில்லை.

செங்கல்பட்டிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்பது இவ்வூரின் மற்றொரு பெயர். மலைமேல் அமைந்த வேதகிரீசுவரர் கோயிலில் நண்பகலில் அர்ச்சகர் அளிக்கும் உணவை உண்ண இரு கழுகுகள் நாள்தோறும் வந்தமையால் இவ்வூர் புகழ்பெற்றது. அவை மஞ்சள் முகம் கொண்ட வெண்ணிறப் பாறுகள். இன்று அப்பாறுகள் வருவதில்லை. இந்தியா முழுவதிலும் பாறு இனங்கள் அருகிவிட்டன. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை அரசு தடை செய்தது.

ஒரே வழியில் இரு பாடங்கள் கிடைக்கின்றன. ஊரார் காத்த வேடந்தாங்கலில் பறவைகள் இன்றும் வருகின்றன. திருக்கழுக்குன்றத்தில் பெயர் இருக்கிறது, பறவை இல்லை.

நெய்தலின் எல்லையில்

திருக்கழுக்குன்றத்திலிருந்து 15 கிலோமீட்டர் கிழக்கே மாமல்லபுரம். 1984-இல் இதன் சிற்பத் தொகுதிகள் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கடலுக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தவுடன் மண் மணலாகிறது. பனையோடு சவுக்கும் முந்திரியும் தோன்றுகின்றன. தெற்கே சென்றால், ஒல்லாந்தர் வணிகம் நடத்திய சதுரங்கப்பட்டினத்தில் அவர்தம் கோட்டையைக் காணலாம். கல்பாக்கம் அணுமின் நிலைய வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாதலின் அங்குக் கரையை ஒட்டிச் செல்ல இயலாது. அதற்கும் தெற்கே, பயணத்தின் இடையில் இருமுறை சந்தித்த பாலாறு கடலோடு கலக்கிறது.

கடற்கரை மணலில் ஓட்டுவது எளிதன்று. உலர்ந்த மணலில் சக்கரம் புதையும். அலை வாங்கிய பின் ஈரம் இறுகிய பகுதியே ஓட்டத்திற்கு ஏற்றது. உப்பு நீர் சங்கிலியையும் தாங்கு உருளைகளையும் அரிக்கும். எனவே அன்றே நன்னீரால் கழுவித் துடைத்து எண்ணெய் இடவேண்டும். மணல்மேடுகளில் படர்ந்துள்ள அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிணித்து நிறுத்துபவை. அவற்றின்மேல் ஓட்டினால் மேடு கலையும். மேடு கலைந்தால் புயலில் அலையைத் தடுக்க அரணிருக்காது.

சனவரி முதல் மார்ச்சு வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் இரவில் கடலை நோக்கி ஊர்ந்து செல்லும். அவை விரல் நீளமே உடையவை. மணலில் ஆழமாகப் பதிந்த சக்கரத்தடம் அவற்றுக்கு ஏறமுடியாத அகழியாகும். தடத்தில் சிக்கிய குஞ்சு விடிந்தால் காகத்துக்கும் நாய்க்கும் இரை. எனவே அக்காலத்தில் இரவில் கடற்கரை மணலில் வண்டி ஓட்டுதலும் விளக்கொளி வீசுதலும் கூடா. கட்டுமரங்களும் வலைகளும் உள்ள இடம் மீனவர்தம் தொழிற்களம் என்பதையும் உணர்ந்து, வண்டியை உருட்டிச் செல்லுதல் தகும்.

பருவமும் பாதுகாப்பும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். ஏரிகள் நிரம்பி, கரைகள் உலர்ந்து, வெயில் ஏறாத சனவரி, பிப்ரவரி மாதங்களே இவ்வழிக்கு உகந்தவை. ஏப்ரல் முதல் சூன் வரை வெப்பம் கடுமையாதலின் நெடும்பயணம் தவிர்க்கப்படவேண்டும். விடியலில் புறப்பட்டு முற்பகல் பத்து மணிக்குள் நிழலடைதல், தலைக்கவசம் அணிதல், ஆளுக்கு இரண்டு லிட்டர் நீரேனும் எடுத்துச் செல்லுதல், இருட்டில் ஓட்டாமை, குழுவாகச் செல்லும்போதும் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வழியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பெரியவர் ஒருவர் துணையுடன் செல்லுதல் ஆகியன இன்றியமையாதன. கல்லும் மண்ணும் ஏற்றிய சரக்குந்துகள் செல்லும் சாலைகளில் அவற்றை முந்த முயல்வது கூடாது. நீச்சல் அறிந்தவராயினும் ஏரியிலும் கால்வாயிலும் இறங்குதல் ஆகாது.

வழி யாருக்கு உரியது?

மிதிவண்டி வெறும் ஊர்தியன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் இணைத்தார். கல்லுடைப்போர், வேளாண் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் எனப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரமும், தந்தைக்காகவோ கணவனுக்காகவோ காத்திருக்கும் நிலையும் குறைந்தன. இதழாளர் பி. சாய்நாத் இம்மாற்றத்தை நேரில் கண்டு எழுதி உலகறியச் செய்தார். பின்னர், 2001-2002ஆம் கல்வியாண்டில் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் படிப்படியாக விரிவடைந்து, மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவ மாணவியர்க்கு வண்டியைக் கொண்டுசேர்த்தது.

வண்டி கைக்கு வந்தது. பாதை இன்னும் முழுமையாக வரவில்லை. நெடுஞ்சாலைகள் அகலமாகும்தோறும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சென்ற பழைய வண்டிப்பாதைகள் இடையில் அறுபடுகின்றன. சில பாதைகளைச் சீமைக் கருவேலம் மூடுகிறது. சில வேலிக்குள் அடங்குகின்றன. அன்றாடம் நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கு, ஒரு கீழ்ப்பாலம் இருப்பதும் இல்லாதிருப்பதும் படிப்பைத் தொடர்வதையே முடிவுசெய்யக்கூடும். ஆகவே மிதிவண்டி வழி என்பது சுற்றுலா விரும்புவோரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. நாள்தோறும் கற்கச் செல்வோரின் தேவையுமாகும். ஒரு வழியைப் பயணிகளுக்காகச் சீர்செய்தால் அதே வழியில் மாணவரும் உழவரும் பாதுகாப்பாகச் செல்வர்.

இதற்கான களமும் நம்மிடம் உள்ளது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறுமுறை கிராமசபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1; மற்றொன்று உலக நீர் நாளாகிய மார்ச்சு 22. வாக்குரிமை பெற்ற பெற்றோர் வழியாக மாணவர் தம் ஊரின் பாதை பற்றிய கோரிக்கையை அங்கு முன்வைக்க இயலும். எந்த இடத்தில் பாதை அறுபட்டுள்ளது, எந்த மதகருகே கரை சிதைந்துள்ளது, எத்தனை மாணவர் எந்நேரத்தில் சாலையைக் கடக்கின்றனர் என்பவற்றை எழுதிக் கொடுத்தால் அக்கோரிக்கைக்கு வலிமை கூடும். இவற்றை மகிழுந்தில் செல்வோர் அறியார். மிதித்துச் சென்றவரே அறிவர்.

1798-இல் வேடந்தாங்கல் மக்கள் பறவைகளுக்காக முறையிட்டனர், பெற்றனர். அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூர் மக்கள் ஏரிக்கென வாரியம் அமைத்தனர். அவர்கள் காத்துத் தந்த கரையின் மீதுதான் இன்று நம் சக்கரம் உருள்கிறது. நமக்குப் பின்வருவோர் உருட்டிச் செல்லவும் அக்கரை இருக்கவேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் மிதிவண்டி வழியை வரைபடமாக வரைந்து, ஆபத்தான இடங்களையும் நீர்நிலைகளையும் அதில் குறிக்க.

2. உங்கள் ஊரைக் காணவரும் நண்பருக்கு வழிகாட்டும் வகையில், ஆற்றுப்படையின் அமைப்பைப் பின்பற்றி ஒரு பக்க அளவில் உரைநடை எழுதுக.

3. பறவை, மரம், நீர்நிலை ஆகியவற்றின் பெயரால் அமைந்த ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அவை இன்றும் அவ்வூர்களில் உள்ளனவா எனக் கேட்டறிந்து வகுப்பில் உரையாடுக.